சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே

"சாமி கும்புடவே கூடாதுன்னு சட்டம் போட்டா, கத்தி எடுக்காம என்னதானுங்க மாமா பண்றது?"

காங்கேயத்தில் கொப்பரைக் களத்தை ஒட்டிய வீட்டுத் திண்ணையில் அக்கா மகன் கேட்டான். மடியில் லேப்டாப். 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில், டாலோஸ் வழிபாட்டைத் தடைசெய்த பேரரசை எதிர்க்கும் கலகப்படையில் சேர்ந்திருந்தான்.

சேர்ந்தது சரிதான் என்பது என் கட்சி. இந்த மண்ணில் பிறந்துவிட்டு வேறெப்படிச் சொல்வது? மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்துப் பறித்து, இரண்டு மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை இருப்பதாகச் சொல்லியனுப்பினார் என்று நம் பாட்டிமார் சொன்ன கதை, பக்கத்து மேலப்பாளையத்துத் தீர்த்தகிரி என்ற சின்னமலையைப் பற்றியது. 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அரச்சலூர் என்று கம்பெனிப் படையோடு மோதி, 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் தொங்கினார். பீரங்கியோடு வந்து நின்றவனிடம் மனு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவரிடம் யார் சொல்வது? ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலைக்குப் போகிற கூட்டத்தில் அப்படி ஒருவரும் கேட்பதில்லை.

விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கச் சொல்வோரும் உண்டு. இருக்கட்டும்.

என்னை உறுத்துவது வேறு. கலகத் தலைவனின் ஊர் விண்ட்ஹெல்ம். அங்கே கறுப்பு எல்ஃப்கள் தனிச்சேரியில் கிடக்கிறார்கள். பல்லி முக ஆர்கோனியர்கள் மதிலுக்குள் குடியிருக்கவே கூடாது, துறைமுகத்தோடு சரி. சாமிக்காக வாளெடுத்தவர்களின் ஊர் இது! "இதுக்கு என்னடா பண்ணுவே?" என்றேன். "நம்ம கட்சியில இருந்துட்டு அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க மாமா."

அந்த விளையாட்டில் சமாதானப் பேச்சு ஒன்று உண்டு. அதுவும் டிராகனை அடக்கும் வரைக்கான போர்நிறுத்தம்தான். வாளுக்கு வேலை இருக்கிறது, பேச்சுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் பிறந்த குமரனுக்குத்தான் இடமே இல்லை. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் வீதியில் அவர் கையில் இருந்தது கொடி மட்டும். தடியடியில் மண்டை உடைந்தும் அதை விடவில்லை. மறுநாள் உயிர் போனது, வயது 27. சின்னமலையின் பேரோடு சேர்ந்த அதே மலையடிவாரம். குமரனும் கலகக்காரர்தான்.

இதைச் சொல்லிவிட்டு, "ஆர்கோனியரை உள்ளே விடச் சொல்லி நீ அந்த மதில் வாசல்ல உட்கார்ந்துட்டா என்னடா ஆகும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.

"காவலாளுங்க கண்டுக்கவே மாட்டானுங்க மாமா."