ஒளித்து வைத்த கூடாரம்

1954 ஜூலை 30. காரகோரம் மலைத்தொடரில் 8,611 மீட்டர் உயர்ந்து நிற்கும் கே2 சிகரத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வால்டர் பொனாட்டி என்ற 24 வயது இத்தாலியரும், ஹுன்ஸாவைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மஹ்தியும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் உச்சிக்குப் போகவிருந்த இருவருக்கான ஆக்சிஜன் உருளைகள் இவர்கள் முதுகில். பேசிவைத்த இடத்தில் கூடாரத்தைக் காணோம்.

கூடாரம் இன்னும் உயரத்தில், பாறைகளுக்கு அப்பால் இருந்தது. உள்ளே அக்கிலே கொம்பாஞோனி, லினோ லாச்செடெல்லி. மேலே ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. ஆக்சிஜனை வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள் என்று குரல் வந்தது. இருட்டில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. சுமார் 8,100 மீட்டர் உயரத்தில், கூடாரமும் தூங்குபையும் இல்லாமல், பனியைக் கொத்தி எடுத்த ஒரு திட்டில் இருவரும் இரவைக் கழித்தார்கள்.

பொனாட்டி தப்பினார். மஹ்தி தம் கால்விரல்களை இழந்தார். உச்சிக்குப் போகும் வாய்ப்பு உனக்கும் உண்டு என்று ஆசை காட்டித்தான் அவரைச் சுமையோடு மேலே வரவழைத்திருந்தார்கள்.

மேல்முகாம்களின் பொறுப்பைக் கொம்பாஞோனியிடம் கொடுத்திருந்தவர் பயணத் தலைவர், நிலவியலாளர் ஆர்டிட்டோ டேசியோ. குழு புறப்படும் முன்பே ஒரு சர்ச்சை எழுந்திருந்தது. அன்றைய இத்தாலியின் தலைசிறந்த மலையேறிகளில் ஒருவரான ரிக்கார்டோ கசினை உடல்நிலை சரியில்லை என்று டேசியோ குழுவில் சேர்க்கவில்லை. தம் புகழ் தலைவரை மறைத்துவிடும் என்ற அச்சமே காரணம் என்று கசின் கடைசிவரை நம்பினார். கூடாரம் இடம் மாறியதற்கும் அதே போன்ற ஒரு காரணத்தைப் பொனாட்டி சொன்னார். தெம்போடு இருந்த இளைஞன் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தால் உச்சிக்குப் போகும் இருவரில் ஒருவர் மாறக்கூடும் என்று கொம்பாஞோனி பயந்தாராம்.

8,000 மீட்டருக்கு மேல் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அங்கே ஒருவருடைய உயிர் இன்னொருவர் சொன்ன சொல்லில் தொங்குகிறது. முகாமின் இடத்தை மாற்றிவிட்டு மறைப்பது கயிற்றை அறுப்பதற்குச் சமம். மறைத்தவர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். காலையில் இறங்கிவந்து உருளைகளை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறியதால் உச்சியைத் தொட மாலை ஆறு மணி ஆயிற்று. கும்மிருட்டில் தட்டுத்தடுமாறித்தான் திரும்பினார்கள்.

இதே மலையில் முந்தைய ஆண்டு வேறு மாதிரி நடந்தது. சார்லஸ் ஹவுஸ்டன் தலைமையிலான அமெரிக்கக் குழுவில் ஆர்ட் கில்கிக்குக் காலில் இரத்தக்கட்டி ஏற்பட்டது. ஹவுஸ்டனின் குழு சிகர ஆசையைக் கைவிட்டு, புயலில் அவரைக் கீழே இறக்க முயன்றது. வழியில் பலர் சறுக்கி விழ, பீட் ஷோனிங் ஒற்றைக் கயிற்றில் அத்தனை பேரையும் தாங்கிப் பிடித்தார். கில்கியைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற அனைவரும் உயிரோடு திரும்பினார்கள். அந்த நட்பு ஆயுள் முழுக்க நீடித்தது.

இத்தாலியக் குழுவுக்குக் கிடைத்தவை வெற்றியும் வழக்கும். உச்சியை எட்டும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றது டேசியோவின் அதிகாரப்பூர்வ அறிக்கை. 1964இல் ஒரு நாளிதழ், அதை இரவில் பயன்படுத்தித் தீர்த்தவர் பொனாட்டி என்று எழுதியது. முகமூடிகளோ மேல் கூடாரத்தில் இருந்தன; அவை இல்லாமல் உருளையைப் பயன்படுத்தவே முடியாது. பொனாட்டி அவதூறு வழக்குத் தொடர்ந்து வென்றார். ஆனாலும் அறிக்கை திருத்தப்படவில்லை.

2004இல்தான் லாச்செடெல்லி வாய்திறந்தார். கூடாரத்தின் இடத்தைத் தேர்ந்தெடுத்தது கொம்பாஞோனி என்று தம் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். இத்தாலிய ஆல்பைன் கழகம் நியமித்த மூவர் குழு பொனாட்டியின் விவரிப்பே சரி என்று முடிவு செய்தது. அமீர் மஹ்தி 1999இலேயே காலமாகியிருந்தார்.