நேட்டால் ஒப்பந்தக் கூலிகள்

நேட்டால் ஒப்பந்தக் கூலிகள் என்போர், 1860 முதல் 1911 வரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்கள் ஆவர். ஏறத்தாழ 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினர். ஆள் திரட்டப்பட்ட முக்கிய மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. கல்வராயன் மலையின் கிழக்கே உள்ள கள்ளக்குறிச்சி அன்று அம்மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது.

பஞ்சமும் கடனும் மக்களை ஊரைவிட்டு வெளியேறச் செய்தன. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிந்த பலர் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டனர்; சிறுவணிகம் செய்தனர். வெள்ளையர் அரசுக்கு அவர்களின் உழைப்பு வேண்டியிருந்தது. அவர்கள் நிலையாகக் குடியேறுவதை அது விரும்பவில்லை. மறு ஒப்பந்தமின்றித் தங்குவோர்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்க 1895-இல் சட்டம் இயற்றியது. ஒரு பவுண்டு 20 ஷில்லிங் ஆகையால், இவ்வரி தொடக்கக் கூலியில் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

1911-இல் இந்திய அரசு நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1913-இல் காந்தி தலைமையிலான போராட்டத்தில் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். 1914-இல் வரி நீக்கப்பட்டது. இத்தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் டர்பன் பகுதியில் வாழ்கின்றனர்.