உஷார்! அடுத்த பாலம் எத்தனை கன அடி தாங்கும்?

திருவண்ணாமலை மாவட்டத்து மக்களே, உங்கள் ஊரில் பாலம் கட்டப்போகிறார்கள், இருக்கிற பாலத்தை அகலப்படுத்தப்போகிறார்கள் என்று சேதி வந்தால், பூமி பூஜைக்குப் பந்தல் போடும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். இந்தப் பாலம் விநாடிக்கு எத்தனை கன அடித் தண்ணீரைத் தாங்கும்? எத்தனை கோடி என்பதைப் பலகையில் அவர்களே எழுதி வைப்பார்கள். இந்த எண்ணை நாம் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள். கேட்காமல் விட்டதன் பலனை நம் மாவட்டம் ஒருமுறை பார்த்துவிட்டது.

தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கத் தென்பெண்ணையின் குறுக்கே ஓர் உயர்மட்டப் பாலம் கட்டினார்கள். செலவு 15 கோடியே 90 லட்சம் ரூபாய். 2024 செப்டம்பர் 2-ம் தேதி திறந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கறந்த பாலைக் கொண்டு போகிறவர்கள் எல்லாருக்கும் இனி ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகும் பாடு இல்லை என்ற சந்தோஷம். டிசம்பர் 2-ம் தேதி அந்தப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சரியாக மூன்று மாதம்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் விடாமல் கொட்டிய மழை அது. மேலே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அவ்வளவு தண்ணீரும் தென்பெண்ணையில் பாலத்துக்கு மேலே இருக்கும் சாத்தனூர் அணைக்கு வந்தது. அணை தாங்காமல் அன்று அதிகாலையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூறின. பலமுறை எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. அந்தச் சண்டையில் பாலத்தைப் பற்றிய முக்கியமான சங்கதி அமுங்கிப் போனது.

பாலம் ஏன் போனது என்று கேட்டபோது அரசுத் தரப்பு கொடுத்த விளக்கம் இதுதான்: பாலம் விநாடிக்கு 54,417 கன அடி நீர் போகும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது, வந்த வெள்ளம் அதைவிடப் பல மடங்கு, ஆகவே தாங்கவில்லை. இந்தப் பதிலைக் கேட்டுப் பலர் சமாதானம் ஆனார்கள். எனக்கு அப்போதுதான் அடிவயிறு கலங்கியது. கலவையில் சிமெண்ட் குறைந்தது, கம்பி மெலிந்தது என்றால் அது ஒரு பாலத்தின் கதை, ஓர் ஒப்பந்ததாரரின் கதை. எல்லாம் கணக்குப்படிதான் கட்டினோம் என்கிறார்களே, அந்தக் கணக்கு எது? சாத்தனூர் அணை 1958-லிருந்து அங்கேதான் இருக்கிறது. அது முழுக்க நிரம்பித் திறந்தால் கீழே எவ்வளவு வரும் என்று அணை அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்படி இருக்க, வந்த வெள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எண்ணை வைத்து ஒரு பாலத்தை யார் திட்டமிட்டார்கள், யார் சரிபார்த்தார்கள், எந்தக் கையெழுத்தில் பணம் ஒதுக்கப்பட்டது? குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதே கணக்கில் இன்னும் எத்தனை பாலங்கள் நிற்கின்றன என்று தெரியவேண்டும், அதனால் கேட்கிறேன்.

அதே தென்பெண்ணையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணையை 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் அதன் ஒரு பகுதி உடைந்தது. பொறியாளர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மிச்சமும் சேதமானது. அந்தத் தடுப்பணையைத் திறந்தபோது ஆண்டது ஒரு கட்சி, அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் போனபோது ஆண்டது இன்னொரு கட்சி. ஆகவே இதைக் கட்சிச் சண்டையாகப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஆட்சி மாறினாலும் மதிப்பீடு போடும் முறை மாறவில்லை.

பணம் யாருடையது என்று பார்ப்போம். கிராமச் சாலைப் பாலங்கள் பலவற்றை நெடுஞ்சாலைத் துறையின் நபார்டு மற்றும் கிராமச் சாலைகள் பிரிவு கட்டுகிறது. நபார்டு வங்கி 1995-96 முதல் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து மாநிலங்களுக்குக் கொடுப்பது கடன். மானியம் இல்லை. மாநில அரசு அதை வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும், அதாவது நாம் கட்டவேண்டும். அப்படிக் கட்டிய பாலம் ஆற்றோடு போனாலும் கடன் போகாது. அதே இடத்தில் மறுபடி கட்டினால் இரண்டாவது மதிப்பீடு, இரண்டாவது டெண்டர், இரண்டாவது திறப்பு விழா. கட்டி முடித்த வேலைக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் இயற்கைச் சீற்றம் என்று கோப்பில் எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு கழன்றுகொள்ள வழி பிறந்துவிடுகிறது. டீக்கடையில் "கமிஷன் அடிச்சிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. காகிதத்தில் கேட்டால்தான் காகிதத்தில் பதில் வரும்.

புதுப் பாலத்தைவிட அகலப்படுத்தும் வேலையில் எனக்குப் பயம் அதிகம். புதுப் பாலம் என்றால் மண்ணைத் தோண்டிச் சோதிப்பார்கள், வெள்ளக் கணக்காவது போடுவார்கள். அகலப்படுத்துவது என்றால் பேச்செல்லாம் மேலே ஓடுகிற வண்டியைப் பற்றித்தான். இரண்டு பஸ் ஒதுங்கிப் போகுமா, நடைபாதை வருமா, விளக்கு வருமா என்பதோடு முடிந்துவிடும். கீழே ஓடுகிற தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. தண்ணீர் போகும் பாலத்தின் கண்கள் பழைய அளவிலேயே இருக்கும். புதுத் தூண்கள் பழைய தூண்களின் நேர்கோட்டில் வராவிட்டால் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி, அடிமண்ணைச் சுரண்டும். பழைய அஸ்திவாரம் ஓர் ஆழத்தில், புதியது வேறோர் ஆழத்தில் நிற்கும். மேலே தார் மினுமினுக்கும், அடியில் மண் அரித்திருக்கும். இந்தியாவில் 1977 முதல் 2017 வரை விழுந்த பாலங்களை ஆராய்ந்தவர்கள், பத்தில் எட்டுக்குக் காரணம் இயற்கைச் சீற்றம், அதிலும் வெள்ளமே பெரும்பங்கு என்று கண்டார்கள். பாரம் தாங்காமல் விழுந்தவை மிகக் குறைவு.

இன்னொரு ஆபத்து கண்முன்னே நடக்கும், கவனியுங்கள். வேலை நடக்கும்போது வண்டிகள் போக ஆற்றிலோ ஓடையிலோ மண் கொட்டித் தற்காலிகப் பாதை போடுவார்கள். வேலை முடிந்தால் அந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். பல இடங்களில் அள்ளுவதில்லை. ஐப்பசி மழையில் அந்த மேடு தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளி, அணுகுசாலையை அறுத்துவிடும். பாலம் நிற்கும், பாலத்துக்குப் போகிற சாலை இருக்காது. இருட்டில் வருகிற பைக்காரருக்கு அது தெரியாது.

திருவண்ணாமலை நகரத்துக்காரர்கள் இது ஆற்றங்கரை ஊர்களின் கவலை என்று இருந்துவிட வேண்டாம். வேங்கிக்கால் ஏரி கோடி போனால் வேலூர் சாலையில் தண்ணீர் ஓடுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் குறுக்கே கடந்துதான் ஏரிகளுக்குப் போகின்றன. அங்கே ஒவ்வொரு சிறுபாலமும் பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்களைத் தாங்குகிறது. அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் போனதற்கு முந்தைய நாள், 2024 டிசம்பர் 1-ம் தேதி, வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரே வீட்டில் இருந்த ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கார்த்திகைத் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அந்த மழை மறுபடி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று அதிகாரிகள் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். இனி நூறு வருஷத்துக்கு வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். முப்பது ஆண்டுகளில் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அதுவும் பழைய மழைக்கணக்கு மாறாமல் இருந்தால்.

பொறுப்பானவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்த ஊர் ஒன்று குஜராத்தில் இருக்கிறது. மோர்பியில் பழுதுபார்த்த தொங்குபாலத்தை நகராட்சியின் தகுதிச் சான்று இல்லாமலேயே திறந்தார்கள். நான்கு நாளில், 2022 அக்டோபர் 30-ம் தேதி, அது அறுந்து 135 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நகராட்சியையே அரசு கலைத்தது. செத்தவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

நம் ஊரில் யாரிடம் கேட்பது என்பதும் இப்போது குழப்பம். திருவண்ணாமலை மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். நகராட்சி 2024-ல் சுற்றுவட்ட ஊராட்சிகளையும் இணைத்து மாநகராட்சி ஆனது. நேற்றுவரை தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்று எந்த மேஜைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத இந்த நேரத்தில்தான் கோப்புகள் வேகமாக நகரும். அதனால்தான் உஷார் என்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நெடுஞ்சாலைத் துறை வேலை என்றால் கோட்டப் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், மாநகராட்சி வேலை என்றால் மாநகராட்சி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரி, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு காகிதம் வாங்குவதோடு நிற்கவில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்துகிற பொருளின் மாதிரியைச் சான்றொப்பத்தோடு எடுக்கவும் உரிமை தருகிறது. ஜல்லி, கம்பி, கலவை எல்லாம் அதில் அடங்கும். டெண்டர் விவரத்துக்கு 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் இருக்கிறது. யார் யார் எவ்வளவு கேட்டார்கள், யாருக்குப் போனது என்பது ரகசியம் இல்லை.

தனியாகப் போடத் தயங்குகிறவர்கள் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் ஏரியா சபையில் கேட்கலாம்.

மனுவில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "எங்கள் ஊர்ப் பாலத்துக்கு எடுத்துக்கொண்ட வெள்ள அளவு விநாடிக்கு எத்தனை கன அடி? அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்? மேலே உள்ள அணையின் அதிகபட்ச நீர்த்திறப்பைக் கணக்கில் எடுத்தீர்களா, அதற்கான கடிதப் போக்குவரத்தின் நகல் தருக. முதல் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், இதுவரை கொடுத்த பில் தொகைகளின் நகல் தருக. பழுது வந்தால் ஒப்பந்ததாரரின் பொறுப்பு எந்தத் தேதிவரை? தற்காலிகப் பாதைக்குக் கொட்டிய மண்ணை எந்தத் தேதிக்குள் அகற்றுவீர்கள்?" புரட்டாசி முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.