ஒலியைத் தாமதிக்கும் பெட்டி

காலந் தாழ்த்துதல் குற்றம் என்றே நம் முன்னோர் நமக்குக் கற்பித்தனர். பாடசாலையில் மாணவருக்கு நாமும் அதையே கூறி வருகின்றோம். ஆயினும், காலந் தாழ்த்துவதையே தொழிலாகக் கொண்டு, அதனாற் பெரும்பயன் விளைவிக்கும் கருவியொன்று உண்டு. ஒலிப்பதிவுக் கூடங்களில் இரும்புச் சட்டத்திலே ஏனைய கருவிகளோடு அடுக்கி வைக்கப்படும் இலக்கமுறைத் தாமதக் கருவியே அஃதாகும். பத்தொன்பது அங்குல அகலமுள்ள ஒரு பெட்டி. ஒலி மின்வடிவில் அதனுள்ளே புகும், குறித்த நேரம் தங்கும், பின்னர் வெளிவரும். இவ்வளவே அதன் வேலை. ஆனால், இச்சிறு வேலை பாட்டுக்கு அழகூட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. பேசப்படும் சொல் கேட்பவருக்கு விளங்குமா, விளங்காதா என்பதையும் பல இடங்களில் அதுவே தீர்மானிக்கின்றது.

முதலில் ஒலியின் இயல்பை நோக்குவோம். ஒலி காற்றிலே செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். ஒளியோடு ஒப்பிட்டால் இஃது ஆமை நடையே. மின்னலைக் கண்ட பின்பு இடியைக் கேட்கும் வரையுள்ள இடைவெளி இதற்குச் சான்று. செக்கனின் ஆயிரத்திலொரு பங்கை மில்லிச்செக்கன் என்பர். அந்நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் 34 சதமமீற்றர். ஒரு முழத்திலும் குறைவு. பதினேழு மீற்றருக்கு அப்பால் நிற்கும் சுவரை நோக்கிக் கைதட்டினால், ஒலி போய்த் திரும்புவதற்கு 100 மில்லிச்செக்கன் ஆகும். அந்த இடைவெளியைச் செவி உணர்ந்து, எதிரொலி எனக் கொள்கின்றது. சுவர் மிக அண்மையில் இருந்தாலோ, திரும்பும் ஒலி முதல் ஒலியோடு கலந்து அதற்கு வலிமை சேர்க்குமேயன்றித் தனியே கேளாது.

இனி, திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து குச்சவெளி நோக்கிச் செல்லும் வீதியிலுள்ள இறக்கக்கண்டியை மனத்திற் கொள்ளுங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இத்தகைய கரையோர ஊர்களிலே கோயில் திருவிழாவாயினும், பள்ளிவாசலில் நிகழும் வைபவமாயினும், பாடசாலை விளையாட்டுப் போட்டியாயினும், ஒலிபெருக்கிகளை வீதி நெடுகக் கட்டுவது வழக்கம். மேடையருகே ஒன்று, நூறு மீற்றர் தள்ளி மற்றொன்று என வைத்துக்கொள்வோம். மின்சாரம் கம்பி வழியே கணப்பொழுதிற் செல்வதால் இரண்டும் ஒரே சமயத்திற் பேசுகின்றன. இரண்டாவதன் அருகில் நிற்பவர் அதன் ஒலியை உடனே கேட்கின்றார். மேடையருகிலிருந்து புறப்பட்ட அதே சொல் காற்றின் வழியே வந்து சேர மேலும் 294 மில்லிச்செக்கன் ஆகின்றது. அதற்குள் பேசுபவர் ஓரிரண்டு அசைகளைக் கடந்து சென்றுவிடுவார். பழைய அசை புதிய அசையின் மேல் விழுந்து அதனை மூடிவிடுகின்றது.

தமிழ்மொழிக்கு இதனால் வரும் கேடு சிறிதன்று. நம் மொழியில் வினைச்சொல்லின் உயிர் அதன் ஈற்றிலே நிற்கின்றது. ‘செல்லுங்கள்’ என்பதும் ‘செல்லாதீர்கள்’ என்பதும் ஒன்றுபோலவே தொடங்குகின்றன. ‘போகலாம்’ என்பதும் ‘போகலாகாது’ என்பதும் அத்தகையனவே. ஏவலா, விலக்கா என்பதைப் பின்னே வரும் அசைகளே கூறுகின்றன. மேலும், ‘படம்’, ‘பட்டம்’ என்னும் சொற்களை உச்சரித்துப் பாருங்கள். ‘பட்டம்’ என்பதில் இரட்டித்த ஒற்றினிடத்தே ஒலி ஒரு கணம் அடங்கிப் பின்னர் வெடிக்கின்றது. அக்கண மௌனமே அச்சொல்லின் அடையாளம். பின்தங்கி வரும் ஒலி அம்மௌனத்தை நிரப்பிவிட்டால் அடையாளம் அழிந்துபோகும்.

ஒலிபெருக்கியை மேலும் உரக்க வைப்பது இதற்கு மருந்தாகாது; இரண்டு ஒலிகளும் சேர்ந்தே உரக்கும். சிறு குழந்தையோடு நடக்கும் தந்தை தன் நடையைத் தளர்த்துவதுபோல, இரண்டாவது ஒலிபெருக்கி முதலாவதன் ஒலிக்காகக் காத்திருத்தல் வேண்டும். அதற்குச் செல்லும் மின்னொலியை 294 மில்லிச்செக்கன் தாமதித்தால், இரண்டு ஒலிகளும் அவ்விடத்தே ஒருமித்து வந்து சேரும்.

இன்னும் நுட்பமானதோர் உண்மையும் இங்குண்டு. 1949ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆராய்ச்சி செய்த ஹெல்முட் ஹாஸ் என்பவர், ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து வரும்பொழுது, முந்தி வந்த திசையையே செவி நம்புகின்றது எனக் காட்டினார். பிந்திய ஒலி ஏறக்குறைய 5 முதல் 30 மில்லிச்செக்கன் வரை தாமதித்து வருமாயின், அது 10 டெசிபெல் வரை உரத்திருந்தாலும் இந்நம்பிக்கை மாறுவதில்லை. ஆகவே, தாமதத்தை 294 என நிறுத்தாது 310 மில்லிச்செக்கன் அளவில் வைப்பின், அருகிலுள்ள ஒலிபெருக்கி உதவி செய்ய, குரலோ மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். இலண்டனிலுள்ள தூய பவுல் பேராலயத்தில், 1950களின் தொடக்கத்தில் பார்க்கின் என்பவரும் அவர்தம் துணைவரும், காந்தப் பூச்சுடைய சுழலும் தட்டொன்றிற் பேச்சைப் பதிந்து, சிறிது பின்னர் அதை மீட்டெடுத்து, தூரத்து ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினர். ஆலயத்தில் ஒலிக்கும் சொற்கள் அதனாலே தெளிவு பெற்றன.

ஒலிப்பதிவுக் கூடங்களிலும் முதலிற் காந்த நாடாவே இவ்வேலையைச் செய்தது. நாடா செக்கனுக்கு 38 சதமமீற்றர் ஓடும்பொழுது, பதியும் முனைக்கும் மீட்கும் முனைக்கும் இடையே 5 சதமமீற்றர் இருந்தால், ஒலி ஏறக்குறைய 130 மில்லிச்செக்கன் பிந்திவரும். ஆனால் நாடா தேயும், இழுபடும், இரைச்சல் தரும்.

இக்குறையை நீக்கிய இலக்கமுறைக் கருவிகள் 1971ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் லெக்சிகன் நிறுவனம் டெல்ற்றா ரி-101 என்பதையும், ஈவென்ரைட் நிறுவனம் 1745 என்னும் எண்ணுடையதையும் வெளியிட்டன. லெக்சிகன் கருவியின் பிறப்பு வியப்புக்குரியது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் பிரான்சிஸ் லீ, இதயத் துடிப்பை ஆராயும் மருத்துவத் தேவைக்கெனத் தாமதச் சுற்றொன்றை ஆக்கினார். அதனூடே இசையையும் பேச்சையும் செலுத்திப் பார்க்கலாமென அறிஞர் பரி பிளெசர் யோசனை கூறினார். நோயாளியின் நெஞ்சொலிக்கென எழுந்த கருவி, இவ்வாறு பாடகரின் குரலுக்கு உதவிற்று.

அதன் உள்ளே நிகழ்வதென்ன? வகுப்பு மாணவர் வரிசையாக நிற்பதாக எண்ணுங்கள். முதல் மாணவனிடம் ஓர் எண் எழுதிய துண்டைக் கொடுக்கின்றோம். மணியடிக்குந்தோறும் ஒவ்வொருவனும் தன் துண்டை அடுத்தவனிடம் கொடுக்கின்றான். முதலாமவன் புதியதைப் பெறுகின்றான். நாற்பது மாணவர் நின்றால், நாற்பது மணிக்குப் பின் முதல் துண்டு வெளிவரும். கருவியும் இவ்வாறே ஒலியலையின் உயரத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை அளந்து, எண்களாக்கி, கைமாற்றி, ஈற்றில் அவ்வெண்களை மீண்டும் ஒலியலையாக ஆக்குகின்றது. எண் தேய்வதில்லை, இழுபடுவதுமில்லை.

ஆனால் இடம் வேண்டும். செக்கனுக்கு 20,000 அளவீடுகள், ஒவ்வொன்றும் 12 துவித இலக்கங்கள் எனக் கொண்டால், செக்கனில் ஐந்திலொரு பங்குக்கு மட்டும் 48,000 இலக்கங்களைத் தாங்க வேண்டும். 1970ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் நினைவகச் சில்லு 1,024 இலக்கங்களையே தாங்கியது. அத்தகைய சில்லுகள் 47 தேவை! பழைய கருவிகள் விலையேறியனவாக இருந்ததன் காரணம் இதனால் விளங்கும். செக்கனுக்கு 20,000 அளவீடுகளால் 10,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட கீச்சொலிகளைக் காட்டவும் இயலாது. அதனாற் பழைய பெட்டிகளின் எதிரொலி சற்று மங்கலாக ஒலித்தது. தூரத்து மலையிற் பட்டு வரும் ஒலியும் மங்கலானதே. ஆகையாற்போலும், பழைய பெட்டிகளை இன்றும் விரும்பித் தேடும் ஒலிப்பதிவாளர் உளர்.

கூடத்தில் அதை இயக்குபவர் மூன்றினைக் கவனிக்கின்றார்: எவ்வளவு நேரம் தாமதிப்பது, வெளிவந்ததில் எவ்வளவைத் திரும்ப உள்ளே ஊட்டுவது, மூல ஒலியோடு எவ்வளவு கலப்பது. மீளூட்டல் மிகுந்தால் எதிரொலி ஓயாது பெருகி அலறும். முப்பது மில்லிச்செக்கன் அளவு தாமதம் ஒரு குரலை இருவர் பாடுவதுபோலத் தடிப்பிக்கும்; முந்நூறு, மலையடிவாரத்திற் பாடுவதாகத் தோற்றும். நேயர்கள் தொலைபேசி மூலம் நேரடியாகப் பேசும் நிகழ்ச்சிகளிலும், பேச்சைச் சில செக்கன்கள் பிடித்து வைத்து, தகாத சொல் வான்வழியே செல்லாது தடுக்கும் வானொலி நிலையங்கள் உண்டு.

நேயர்களே, இவையெல்லாம் ஒலிப்பதிவாளரின் கவலை மட்டுமே என எண்ணற்க. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தையும் அழித்தது. அன்று முன்கூட்டி எச்சரிக்கும் குரல் இருக்கவில்லை. பின்னர் நாட்டின் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபொழுது, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஓசை எழுப்புவது வேறு. சொல் விளங்குவது வேறு. ‘கரைக்குச் செல்லாதீர்கள்’ என்னும் அறிவிப்பின் ஈற்றசைகள் எதிரொலியில் மூழ்கிப்போயின், உரத்த குரலாற் பயனென்ன?

தாமதக் கருவி எல்லாக் குறைகளையும் தீர்க்காது. அது ஒரு திசையில் நிற்பவருக்கே பொருந்தும். எதிர்த்திசையில் நிற்பவருக்குக் குழப்பம் மிகுதலுங் கூடும். எனவே ஒலிபெருக்கிகள் யாவற்றையும் மேடைக்கு அப்பாலே, ஒரே திசை நோக்கி அமைத்தல் நன்று. கருவி கிடையாத இடத்திற் பேசுபவரே அதன் வேலையைச் செய்யலாம். சிறுசிறு வாக்கியமாகப் பேசுக. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கணம் நிறுத்துக. விலக்கும் சொல்லை இருமுறை கூறுக. தூரத்து ஒலி வந்து சேரும் வரை காத்திருந்து அடுத்த சொல்லைத் தொடங்குபவரின் பேச்சே, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் விளங்கும்.