வெள்ளித் தொட்டியின் கறை

1863 டிசம்பரில், இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். கல்கத்தாவில் பிறந்த அவருக்கு அப்போது வயது 48. கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டு, கோழிக்கூடத்தைப் படமெடுக்கும் கண்ணாடி அறையாக்கிக்கொண்டார். அன்று படமெடுப்பது என்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு ரசாயனக் கூடம் நடத்துவது.

பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரத்தகடு முறை அது. ஈதரும் ஆல்கஹாலும் கலந்ததில் வெடிபஞ்சைக் கரைத்தால் கொலோடியன். அயோடைடு உப்பு சேர்த்த கொலோடியனைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, சாய்த்துச் சாய்த்துப் பரப்பி, ஏடு கட்டியதும் சில்வர் நைட்ரேட் தொட்டியில் மூன்று நான்கு நிமிடம் இறக்க வேண்டும். எடுத்த தகடு காய்வதற்குள் படம் பிடித்து டெவலப் செய்துவிட வேண்டும்.

அந்தத் தொட்டியோ ஓயாமல் கெட்டுக்கொண்டே இருப்பது. இறங்கும் ஒவ்வொரு தகடும் கொஞ்சம் வெள்ளியை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் ஈதரையும் ஆல்கஹாலையும் விட்டுவிட்டுப் போகும். ஆல்கஹால் மிகுந்தால் டெவலப்பர் சீராகப் பரவாமல் எண்ணெய்த் திட்டுப்போல ஒதுங்கும். அடர்த்திமானியும் ஏமாற்றும்: ஆல்கஹால் நீரைவிட இலேசு என்பதால், வெள்ளி உள்ளதைவிடக் குறைவாக இருப்பதுபோல் காட்டும். வெள்ளி அயோடைடு தேங்கிப்போனால் படம் முழுக்க ஊசித்துளைகள். உயிர்ப்பொருள் அழுக்கு சேர்ந்தால் மூட்டம்.

இதற்கு அன்று செய்த வைத்தியங்களில் முக்கியமானது வெயில். கரைசலில் சோடா உப்பைச் சிறிது சேர்த்துப் புளிப்பை முறித்து, கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். அழுக்கு கருத்துத் திரண்டு அடியில் படியும். தெளிந்ததை வடிகட்டி, நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழைய புளிப்புக்குக் கொண்டுவருவார்கள். ஆல்கஹால் போகக் காய்ச்சுவதும் உண்டு.

உலர்தகடு வந்ததும் 1880களில் படக்காரர்கள் இந்தப் பாட்டைக் கைவிட்டார்கள். அச்சு பிளாக் செய்பவர்களிடம் மட்டும் அது வெகுகாலம் பிழைத்திருந்தது.

இன்று சிலர் அதை விரும்பித் திரும்ப எடுத்திருக்கிறார்கள். குளியலறையிலோ கார் ஷெட்டிலோ அக்ரிலிக் தொட்டி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு, கடையில் வாங்கிய வாலைவடிநீர், பி.எச். தாள். சோடா உப்புக்குச் சமையலறை ஆப்பச் சோடாவே போதும். ஆனால் ஜன்னலோரம் அதே புட்டி, அதே வெயில், அடியில் அதே கறுப்பு வண்டல். நூற்றைம்பது ஆண்டில் இந்த ஒரு வேலைக்குச் சூரியனை விட்டு நகர வேண்டிய தேவை வரவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

மாறியது கைகள்தான். சில்வர் நைட்ரேட் பட்ட தோல் வெளிச்சத்தில் கருத்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அன்று அந்தக் கறையை நீக்கச் சயனைடைத் தேய்த்தவர்கள் இருந்தார்கள்! படத்தை நிலைநிறுத்தவும் பலர் சயனைடையே பயன்படுத்தினார்கள். இன்று கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொட்டியருகே போகக்கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் சயனைடு வேண்டவே வேண்டாம், படத்தை நிலைநிறுத்த ஹைப்போ உப்பே போதும். ஈதர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. கழிவுக் கரைசலில் உப்பைப் போட்டால் வெள்ளி தயிர்போலத் திரிந்து படியும். அன்று அது காசுக்காக. இன்று சாக்கடையில் வெள்ளி கலக்கக் கூடாது என்பதற்காகவும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது; அதுதான் எனக்கு உறுத்துகிறது. கேமரனின் தகடுகளில் கோடும் சுழியும் விரல்தடமும் இருக்கும். அன்றைய படக்காரர்கள் அதற்காக அவரைக் கடிந்தார்கள். இன்று அதே கறையை அழகென்று எண்ணி, தொட்டியை வேண்டுமென்றே வடிகட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. கேமரன் கறையைத் தேடவில்லை. முகம் கிடைத்துவிட்டால் கறையைப் பொறுத்துக்கொண்டார், அவ்வளவே. ஈரத்தகட்டைக் கையில் ஏந்திக் கணவரிடம் காட்டச் சாப்பாட்டு அறைக்கு ஓடி, மேசை விரிப்புகளை எல்லாம் போகாத வெள்ளிக் கறையாக்கியவர் அவர். 1864 ஜனவரியில் ஆன்னி என்ற சிறுமியின் படம் முதன்முதலாகத் தேறியபோது, அதை எடுத்தவள் அந்தக் குழந்தையேதான் என்பதுபோல், அவளுக்குக் கொடுக்கப் பரிசு தேடி வீடெல்லாம் ஓடினார்.