நீள வரிக்கு நாலெழுத்துக் கட்டளை

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கும் வாரம் வந்தால் என்னைத் தேடி வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஸ்கிரீன்ல முழுசா தெரியுதுப்பா, பேப்பர்ல மட்டும் வலது பக்கம் பாதியைக் காணோமே?" எலக்ட்ரிக்கல்காரரும் கேட்கிறார், மெக்கானிக்கல்காரரும் கேட்கிறார். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி வாய் வலித்துவிட்டது; மலரிலேயே எழுதிவிடுகிறேன். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதினாலும், கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

திரையில் வரி மடிந்து தெரிவது வெறும் தோற்றம். நாம் எண்டர் தட்டிய இடத்தில்தான் ஃபைலுக்குள் வரி முடிகிறது. அதுவரை 500 எழுத்து இருந்தாலும் அது ஒரே வரிதான். இடம் போதாததால் டெர்மினல் அதை மடித்துக் காட்டுகிறது, அவ்வளவே. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அங்குலத்துக்கு 10 எழுத்து அடிக்கும். 8 அங்குல அகலத்துக்கு 80 எழுத்து. இந்த 80 அதற்கும் மூத்தது. 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். 1978-ல் வந்த வி.டி.100 டெர்மினலிலும் 80. அட்டை போயிற்று, அந்த டெர்மினலும் போயிற்று, எண் மட்டும் போகவில்லை.

வரியை நிஜமாகவே மடிக்க யூனிக்ஸில் 'ஃபோல்டு' இருக்கிறது. 1977-ல் பில் ஜாய் எழுதியது. சும்மா கொடுத்தால் 80-ல் மடிக்கும். வேறு அகலம் வேண்டுமானால் '-டபிள்யூ 72' என்று சேர்க்கலாம். ஆனால் அது ஈவு இரக்கமில்லாத கத்தரிக்கோல். 72-வது எழுத்து 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற சொல்லின் நடுவில் விழுந்தால் அங்கேயே வெட்டும். அதனால் '-எஸ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலத்துக்குள் கடைசியாக வந்த இடைவெளியில் மடிக்கும்.

இன்னொரு குறை, அது ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். 75 எழுத்து வரியை 72-ல் மடித்தால் மீந்த ஒரு சின்னச் சொல் அடுத்த வரியில் அனாதையாக நிற்கும். பக்கம் முழுக்க நெட்டை, குட்டை. இதற்குத்தான் 'எஃப்எம்டி'. இது பத்தி முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து, மறுபடி சீராக வரி பிரிக்கும். வெற்று வரி வந்தால் பத்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். நீளச் சொல்லை வெட்டாது. லினக்ஸில் உள்ள குனூ பதிப்பில் சொல்லாவிட்டால் அகலம் 75. இந்த வரியை எங்கே முடித்தால் அடுத்த வரிகளும் அழகாக வரும் என்று முன்கூட்டியே பார்க்கும். டொனால்டு நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-ல் எழுதிய கட்டுரையின் முறைதான் அதற்கு அடிப்படை. ரிப்போர்ட்டுக்கு என் ஓட்டு எஃப்எம்டிக்கே.

ஆனால் புரோகிராம் ஃபைல் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்! சி புரோகிராமில் இரட்டைச் சாய்கோடு போட்டு ஒரு குறிப்பு எழுதியிருப்பீர்கள்; அடுத்த வரியில் மோட்டாரை நிறுத்தும் கட்டளை இருக்கும். இரண்டும் ஒரே ஓரத்தில் தொடங்கினால் எஃப்எம்டி அவற்றைப் பத்தி என்று நினைத்து ஒட்டிவிடும். கட்டளையும் குறிப்பாகிவிடும். கம்பைலர் ஒரு வார்த்தை பேசாமல் போகலாம், மோட்டார் மட்டும் நிற்காது. ஃபோல்டு கெடுத்தாலாவது பெரும்பாலும் எரர் வந்து காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது இதைவிடக் கொடுமை. என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் ரிப்போர்ட்டை மடித்து அதே பெயரில் சேமிக்க 'ஃபோல்டு -எஸ் ரிப்போர்ட் > ரிப்போர்ட்' என்று தட்டினான். திறந்து பார்த்தால் பூஜ்யம் பைட். ஃபோல்டு மேல் பழி இல்லை. '>' குறியைப் பார்த்ததும் ஷெல் முதலில் அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிடும். அப்புறம்தான் ஃபோல்டையே கூப்பிடும். அது வந்து படிக்க என்ன மிச்சம்? எப்போதும் வேறு பெயரில் எழுதி, பார்த்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள்.

கடைசியாகத் தமிழ். சங்கத்தின் அறிவிப்பை ஃபோல்டில் போட்டால் வரி ஓரத்தில் கட்டமும் கேள்விக்குறியும் முளைக்கிறதே, அது வைரஸ் இல்லை. பழைய குனூ ஃபோல்டு எழுத்தை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும். ஆங்கில எழுத்து 1 பைட், கணக்கு சரியாக வரும். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட். 'மி' என்பது 'ம' ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ஆக 6. 'ன்' என்றால் புள்ளியும் தனிக் குறி, அதுவும் 6. 'மின்னழுத்தம்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்கு 12 குறி, 36 பைட். 80-ஐ 3-ஆல் வகுத்தால் 2 மீதி. அந்த இடத்தில் வெட்டினால் ஒரு குறியின் மூன்றில் இரண்டு பங்கு இந்த வரியில், மிச்சம் அடுத்த வரியில். சரி, 78 கொடுக்கலாமே என்றால், அப்போதும் 'ம' இங்கும் மேல்விலங்கு அங்கும் போய்விடலாம். போதாததற்கு இடைவெளி 1 பைட் என்பதால் அந்தக் கணக்கும் நிலைக்காது.

உங்கள் கணினியில் இருப்பது எந்த ரகம் என்று அறிய, 'மின்னழுத்தம்' என்ற சொல்லை மட்டும் கொடுத்து '-டபிள்யூ 10' போட்டுப் பாருங்கள். குப்பை வந்தால் பைட் எண்ணும் ரகம். அப்போது '-எஸ் -டபிள்யூ 200' கொடுங்கள். இடைவெளியில் மட்டும் மடிவதால் எழுத்து உடையாது. எழுத்துக்குச் சராசரி 5 பைட் என்று வைத்தால் வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து வரும், நோட்டீஸ் போர்டுக்கு அது தாராளம். குனூ எஃப்எம்டியும் இதே பைட் கணக்குதான் போடும், அங்கேயும் 200 கொடுங்கள். விம் எடிட்டர் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அகலத்தைச் சொல்லி, பத்தியின் மேல் நின்று 'ஜிக்யூஏபி' என்று நாலு எழுத்து தட்டினால் போதும்.