‘இண்டைக்கு ஏலா’ என்று பாம்பு சொன்னால்

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, “வெளிநாட்டுல என்ன வேலை செஞ்ச மகன்?” என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்கு முன் உம்மா சொல்லிவிடுவார்: “பாம்பு காட்டுற வேலை.” கேட்டவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். விளக்கிச் சொல்லப் போனால் தேநீர் ஆறிவிடும்.

இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வளைகுடா நாடொன்றின் மிருகக்காட்சிச்சாலையில் ஒன்பது வருடங்கள் இருந்தேன். முதல் இரண்டு வருடம் கூடு கழுவினேன். மிச்ச ஏழு வருடமும் ‘தூதுவர் விலங்குகள்’ என்ற பிரிவில் பராமரிப்பாளன். ஒரு நாட்டின் தூதுவர் இன்னொரு நாட்டுக்குப் போய்த் தன் மக்களுக்காகப் பேசுவதுபோல, கூட்டுக்குள் இருக்கும் ஒரு விலங்கு வெளியே வந்து, காட்டிலிருக்கும் தன் இனத்துக்காக மனிதர்கள் முன் நிற்கிறது. அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளில் முன்பு இவற்றை ‘நிகழ்ச்சி விலங்குகள்’ என்றுதான் அழைத்தார்கள். பெயர் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. நிகழ்ச்சி என்றால் வேடிக்கை. தூதுவர் என்றால் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்க வேண்டும்.

எங்களிடம் இருந்தவை பெரிய மிருகங்கள் அல்ல. பாலைவன முள்ளெலி, ஒரு கூகை, ஆபிரிக்க ஆமைகள் இரண்டு, பருந்து ஒன்று, சிறிய மலைப்பாம்புகள் மூன்று. எந்த விலங்கைத் தெரிவுசெய்வது என்பதில்தான் பாதி வேலை முடிந்துவிடும். குரங்கை எடுக்க மாட்டார்கள். நோய் இரண்டு பக்கமும் தொற்றும், கடியும் பொல்லாதது. தேவாங்கு போல இரவில் விழித்திருக்கும் பிராணியைப் பகல் வெளிச்சத்தில் பிள்ளைகள் நடுவே பிடித்து வைப்பது கொடுமை. காட்டிலிருந்து பிடித்து வந்ததை எடுப்பதேயில்லை. கூட்டில் பிறந்து, குஞ்சிலிருந்தே மனிதக் கையும் மனிதக் குரலும் பழகியதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் ஒன்றுக்கு மனிதர் பிடிக்கும், அதன் கூடப்பிறந்ததற்குப் பிடிக்காது. பிடிக்காததைத் திரும்பக் கூட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காலை ஆறரைக்கு முதல் வேலை தராசு. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நிறை இறங்கினால் அன்றைக்கு ஓய்வு. சாப்பிட்டதா, மலம் கழித்ததா, நேற்று எத்தனை நிமிடம் வெளியே இருந்தது, யார் கையில் இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் இடத்தில் ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை, கிழமையில் இரண்டு நாள் முழு ஓய்வு. இரை விழுங்கிய பாம்பை இரண்டு நாளைக்குத் தொடவே கூடாது. ஒரு இனத்தைக் கையாளப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர்தான் அதைத் தூக்கலாம். கூகைக்குப் பாஸ் பண்ணியவன் ஆமையைத் தூக்க இன்னொரு பரீட்சை. ஆமைக்கு என்ன பரீட்சை என்று முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பாம்பு, ஆமை, பல்லி இவற்றின் உடம்பில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பிள்ளை வாயில் வைத்தால் வயிற்றோட்டம் என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது.

பழக்குவதற்கு அடியோ பட்டினியோ கிடையாது. நுனியில் சிறு பந்து பொருத்திய ஒரு கோல். விலங்கு அந்தப் பந்தை மூக்கால் தொட்டால் உடனே தீன். இப்படியே பந்தை நகர்த்தி நகர்த்திப் பயணப் பெட்டிக்குள் அதுவாகவே நடந்து போகப் பழக்குவோம். கதவு திறந்திருக்கும். அது பெட்டிக்குள் வந்தால் இன்றைக்கு வேலைக்குச் சம்மதம். வராவிட்டால், நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ‘இண்டைக்கு ஏலா’. அத்தோடு விட்டுவிட வேண்டும். கெஞ்சக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையில் ஆகக் கஷ்டமானது. வெளியே 60 பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் அதை ஒரு தடவை மீறினேன். கறுவா என்று நான் பெயர் வைத்திருந்த மலைப்பாம்பு. கறுவாப்பட்டையின் நிறம் அதற்கு. அந்தக் கிழமை அதன் கண் பால்போல வெளிறியிருந்தது. சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை மங்கும், எதைக் கண்டாலும் மிரளும். பெட்டிக்குள் வரவில்லை. முகாமையாளரின் விருந்தாளிகள் வந்திருந்தார்கள், மற்ற இரண்டு பாம்பும் ஓய்வில். “ஐந்து நிமிடம்தானே” என்றார். நான் பதிவேட்டில் ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கை நீட்டியதும் கொத்தியது. விஷமில்லாத பாம்பு, நாலைந்து ஊசிக் குத்தல் போலத்தான் காயம். மருந்து போட்டு அனுப்பினார்கள். எனக்கு மனதில் நிற்பது காயமல்ல. பாம்பென்றாலே கொல்ல வேண்டியதில்லை என்று சொல்வதற்காக நாங்கள் அனுப்பிய தூதுவர், அந்தப் பிள்ளைக்கு அதற்கு நேர் எதிரான செய்தியை வாழ்நாளைக்கும் மறக்காதபடி சொல்லிவிட்டது. பிழை பாம்பினதல்ல. பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து.

இந்தத் துறையில் உலகப் பெயர் பெற்ற கதை சிங்கப்பூரின் ஆ மெங். சுமாத்திரா ஒராங்குட்டான். ஒரு வீட்டில் சட்டவிரோதமாகச் செல்லப்பிராணியாக வளர்க்கப்பட்டு, 1971இல் மீட்கப்பட்டது. அதை வளர்த்தெடுத்த பராமரிப்பாளர் அழகப்பசாமி செல்லையா, ஒரு தமிழர். 1980களில் ‘ஆ மெங்குடன் காலை உணவு’ என்ற நிகழ்ச்சி சிங்கப்பூர் போகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு வருவதாக ஆனது. மைக்கேல் ஜாக்சன்கூட அதோடு படம் எடுத்துக்கொண்டார். 1992இல் சுற்றுலாத் துறை அதற்கு ‘விசேட சுற்றுலாத் தூதுவர்’ விருதே கொடுத்தது. 2008 பெப்ரவரியில் அது இறந்தபோது அஞ்சலிக்கு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள்.

அதே ஆ மெங் 1982இல் ஒரு படப்பிடிப்புக்காக நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் கூட்டிப் போகப்பட்டபோது மரமொன்றில் ஏறி, நாட்கணக்கில் இறங்க மறுத்தது. கடைசியில் விழுந்து கை முறிந்துதான் திரும்பி வந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் இதை ஒரு குறும்புக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது திறந்த கதவு இல்லாத இடத்தில் ஒரு விலங்கு சொன்ன ‘ஏலா’வாகத்தான் படுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிகாகோவின் லிங்கன் பார்க் மிருகக்காட்சிச்சாலை ஆய்வாளர்கள் 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிம்பன்சி தனியே நிற்கும் படத்தையும், பக்கத்தில் மனிதர் நிற்கும் படத்தையும் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டினார்கள். மனிதரோடு நிற்பதைப் பார்த்தவர்களில் கூடுதலானோர் அதை வீட்டில் வளர்க்கலாம் என்று நினைத்தார்கள். செல்லப்பிராணியாக இருந்து மீட்கப்பட்ட ஒராங்குட்டானை மடியில் வைத்துப் படம் எடுக்கும்போது, பார்க்கிறவர் மனதில் விழுவது எது? அதனால்தான் எங்கள் இடத்தில் என் கடைசி வருடங்களில் பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சந்தா கட்டும் குடும்பங்கள் கோபித்துக்கொண்டன.

நம் நாட்டுக்கு வருவோம். கல்முனைப் பிள்ளைகளுக்கு மிருகக்காட்சிச்சாலை என்றால் தெஹிவளை. அரசாங்கம் 1936இல் பொறுப்பெடுத்த இடம். பாடசாலைச் சுற்றுலா பஸ் நடுச்சாமத்தில் புறப்பட்டால் விடிய விடிய ஓட்டம். அங்கே யானைக் காட்சியைப் பார்த்துக் கைதட்டிய தலைமுறை நான். யானை முன்காலைத் தூக்கியது நினைவிருக்கிறது, யானையைப் பற்றி என்ன தெரிந்துகொண்டேன் என்று கேட்டால் பதில் இல்லை.

யானைக்குத் தூதுவர் வேலை எப்படி வைக்கலாம் என்பதற்கு உடவளவையைப் பார்க்கலாம். 1975இல் தொடங்கிய பின்னவலையில் யானைகள் மனிதரோடு நெருங்கியே வளர்ந்தன, அங்கேயே குட்டியும் போட்டன. 1995இல் உடவளவையில் தொடங்கிய யானைகள் இடைத்தங்கல் நிலையத்தில், தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைத் தூரத்து மேடையிலிருந்து பார்க்க மட்டும் விடுகிறார்கள். தொடக் கூடாது. ஏனென்றால் அவை திரும்பக் காட்டுக்குப் போக வேண்டியவை, 1998 முதல் போய்க்கொண்டும் இருக்கின்றன. பார்த்துவிட்டு வரும் பிள்ளை தொட்ட சந்தோஷத்தை இழக்கும், ஆனால் ஏன் தொடக் கூடாது என்ற கேள்வியோடு பஸ்ஸில் ஏறும்.

எங்கள் கரையோரத்து யானைகள் வேறு வகைத் தூதுவர்கள். ஒலுவில் அஷ்ரப் நகர்க் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் பையோடு சோற்றைக் கிளறி நிற்பவை. அந்தப் பைகளில் எங்கள் வீட்டுப் பைகளும் இருக்கும். நாட்டில் 2022, 2023 இரண்டு வருடங்களிலும் செத்த யானைகள் தலா 400ஐத் தாண்டின, மனிதர்கள் தலா நூறுக்கு மேல். இந்த யானைகளுக்குப் பதிவேடும் இல்லை, பராமரிப்பாளரும் இல்லை.

ஆனாலும் எங்கள் பக்கத்துக்கு ஒரு தூதுவரைத் தெரிவுசெய்யச் சொன்னால் நான் யானையைச் சொல்ல மாட்டேன். பாம்பைத்தான் சொல்வேன். 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இலங்கையில் ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேருக்குப் பாம்பு கடிக்கிறது, 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் வெட்டுக் காலத்தில் காலில் கொத்துவது பெரும்பாலும் கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலி கோத்ததுபோல நீள்வட்டப் புள்ளிகள், நெருங்கினால் குக்கர் விசில் போலச் சீறல். வாடியில் நிலத்தில் பாய் போட்டுத் தூங்குகிறவரை இரவில் கடிப்பது கட்டு விரியன். வலி பெரிதாகத் தெரியாது, விடியும்போது கண்ணிமை தூக்க முடியாமல் போகும். கட்டிலும் நுளம்பு வலையும் இருந்தாலே அந்தக் கடி பெருமளவு குறையும். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அடுத்தது. எலியைப் பிடித்து நெல்லைக் காப்பாற்றும் சாரையையும் வெங்கிணாந்தியையும்தான் நம்மவர்கள் அதிகம் அடித்துக் கொல்கிறார்கள். ஆளைக் கொல்லும் விரியன் புல்லுக்குள் கிடக்கிறது.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. முதலைப் பண்ணைக்கு வருகிறவர்கள் பார்த்திருக்கவே, இருளர்கள் பாம்பிலிருந்து விஷம் எடுக்கிறார்கள். ஒரு பாம்பைச் சில கிழமைதான் வைத்திருப்பார்கள், பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. நம் ஆஸ்பத்திரிகளும் இந்திய மருந்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே பாம்பு காட்டும் வேலைகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

போன வருடம் ஊர்ப் பாடசாலை ஒன்றின் அதிபர் கூப்பிட்டார். “தம்பி, நீங்க ஒரு பாம்பைக் கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்களன்.” ஏலாது சேர் என்றேன். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் காட்டுப் பாம்பைப் பிடித்து வைத்திருப்பது சட்டத்துக்கு மாறு. அதைவிட, நேற்றுப் பிடித்த பாம்புக்கு பெட்டியும் பழக்கமில்லை, பிள்ளையும் பழக்கமில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிறகு மாமாவின் வயல் வாடிக் கூரையிலிருந்து ஒரு சாரைப் பாம்புச் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ஆளுயரத்துக்கு மேல் நீளம், கிழியாதது. எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள், மேசை மேல் அதை விரித்து வைத்தோம். கண் இருந்த இடத்தில் கண்ணாடிபோல ஒரு மூடி இருப்பதை முதலில் கண்டது பின்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை. பாம்புக்கு இமை இல்லையா என்று கேட்டாள். அங்கிருந்துதான் பாடம் தொடங்கியது. முடிந்ததும் எல்லோரையும் தண்ணீர்க் குழாயடிக்கு அனுப்பிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்தேன்.